ஏரி வண்டலை வயலுக்கு அடிக்கும் முன்: கன உலோகச் சோதனைக்கு மாதிரி எடுக்கும் முறை

கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் அடிப்பது தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வழக்கமான வேலை. செம்மண் மேட்டு நிலத்துக்கு நல்ல வண்டல் கிடைத்தால் ஈரம் நிற்கும், உரச்செலவும் குறையும். ஆனால் எல்லா ஏரியின் வண்டலும் ஒன்றல்ல. காட்டு ஓடையால் மட்டும் நிரம்பும் ஏரி வேறு. ஊர்ச் சாக்கடையும் பட்டறைக் கழிவும் வந்து சேரும் ஏரி வேறு. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவுநீரையும் வாங்கிக்கொண்டு கொடியாளம் வழியாக ஓசூர்ப் பக்கம் இறங்கி, கெலவரப்பள்ளி அணையில் தேங்கி, பிறகு கிருஷ்ணகிரி அணைக்கு வருகிறது. கெலவரப்பள்ளியில் மதகு திறந்தால் பொங்கும் நுரை பெரும்பாலும் சோப்புத்தூள் வகைக் கழிவால் வருவது. அது கன உலோகத்துக்குச் சாட்சியும் அல்ல, நுரை இல்லை என்பது உலோகம் இல்லை என்பதற்கு உத்தரவாதமும் அல்ல. ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல் ஆகியவற்றைக் கண்ணாலோ மூக்காலோ கண்டுபிடிக்க வழியே இல்லை.

தண்ணீரைச் சோதித்து நல்லபடி வந்துவிட்டது என்று நிம்மதி அடையவும் முடியாது. இந்த உலோகங்கள் களிமண், மட்கு, இரும்பு–மாங்கனீசு ஆக்சைடு ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த நீரில் அளவு குறைவாகவே இருக்கும். அடியில் அது ஆண்டாண்டாகச் சேர்ந்துகொண்டிருக்கும்.

மண்வள அட்டையும் இதற்கு உதவாது. அதில் உள்ள 12 அளவுகளில் பிஎச், மின்கடத்தும் திறன், அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஆகியவை உண்டு. ஈயம், காட்மியம், குரோமியம் இல்லை. அதிலுள்ள துத்தநாகமும் தாமிரமும்கூடப் பயிருக்கு எட்டும் பகுதியை மட்டும் காட்டும் டிடிபிஏ முறை அளவுகள். மண்ணில் உள்ள மொத்தம் அல்ல.

ஏன் இவ்வளவு கவனம் என்பதற்கு ஒரு கணக்கு. அரசு வழிமுறைப்படி வட்டாட்சியர் அனுமதியோடு நன்செய் ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கனமீட்டர் வண்டல் எடுக்கலாம். 75 கனமீட்டரை ஒரு ஏக்கரில் பரப்பினால் சுமார் 1.9 செ.மீ. கனம்தான் வரும். எடை, காய்ந்த நிலையில், தோராயமாக 90 டன். அந்த வண்டலில் காட்மியம் கிலோவுக்கு 2 மி.கி. இருந்தால், ஒரே தடவையில் 180 கிராம் காட்மியம் நிலத்தில் இறங்குகிறது. உழவு ஆழமான 15 செ.மீ. மண் ஏக்கருக்கு ஏறத்தாழ 850 டன். அதில் இயல்பாகக் கிலோவுக்கு 0.2 மி.கி. இருந்தது என்று வைத்தால், கலந்த பிறகு அது 0.37 ஆகிவிடும். ஒரு கோடையில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. இரண்டு ஆண்டுக்கொரு முறை அடித்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம். தழைச்சத்தைப் போல இது கரைந்தோ ஆவியாகியோ குறையாது. பயிர் எடுத்துச் செல்வது மிகச் சிறு பங்கு. மற்றதெல்லாம் நிலத்திலேயே தங்கும்.

எங்கே, எப்போது எடுப்பது

ஏரி முழுக்க நடந்து பத்து இடத்தில் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி ஒன்றாகக் கலந்து அனுப்புவதுதான் அதிகம் நடக்கும் தவறு. சாக்கடை சேரும் மூலையில் காட்மியம் 4 இருக்கும், மற்ற இடமெல்லாம் 0.3 இருக்கும். கலந்தால் ஒன்றுக்கும் கீழே ஒரு எண் வரும்; அந்த எண்ணுக்குரிய மண் ஏரியில் எங்குமே இருக்காது. ஆகவே ஏரியைப் பகுதி பிரியுங்கள்: வரத்துக் கால்வாய் வாய், நடு உள்வாய், மதகடி, கலிங்குப் பக்கம், ஊர்க் கழிவு விழும் இடம். ஒவ்வொரு பகுதியிலும் 10 மீட்டர் சுற்றளவுக்குள் ஐந்து இடத்தில் எடுத்து, அந்த ஐந்தை மட்டும் கலக்கலாம். பகுதிக்குப் பகுதி கலக்கக் கூடாது. விநாயகர் சிலை கரைக்கும் படித்துறை இருந்தால் அது தனி மாதிரி. சிலை வண்ணத்தில் ஈயமும் குரோமியமும் வர வாய்ப்புண்டு. அந்த ஒரு மூலையின் எண்ணை ஏரி முழுக்கப் பொருத்தவும் கூடாது.

மதகடியில் நுண்ணிய களி அதிகம் படியும். வரத்து வாயில் மணலும் சரளையும் நிற்கும். உலோகம் நுண்துகளோடு போவதால் மதகடி மாதிரி இயல்பாகவே உயர்ந்த எண்ணைக் காட்டும். இதை எப்படிச் சரிக்கட்டுவது என்பது கீழே வரும்.

இவற்றோடு ஒப்பீட்டு மாதிரி ஒன்று கட்டாயம் வேண்டும். வரத்துக் கால்வாயில் ஊருக்கும் பட்டறைக்கும் மேலே போய், அதே வகைக் களிமண் படிந்த இடத்தில் எடுங்கள். அப்படி இடம் அமையாவிட்டால் ஏரிக்குள்ளேயே வண்டல் முடிந்து பழைய நிலமண் தொடங்கும் ஆழத்தில் எடுக்கலாம். கிருஷ்ணகிரி அணை போல 1950-களின் இறுதியில் கட்டிய அணைகளில், அணைக்கு முந்தைய மண் நிறத்திலும் இறுக்கத்திலும் தனியாகத் தெரியும். வெறும் மணலை ஒப்பீட்டுக்கு எடுத்தால் எல்லா ஏரியும் கெட்டுப்போனதாகத்தான் கணக்கு வரும்.

வற்றிய ஏரியில் ஏப்ரல், மே மாதங்கள் வசதி. வெள்ளம் வந்த மறு ஆண்டில் மேலடுக்கின் வரிசையை நம்பாதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, அப்படிப்பட்ட வெள்ளத்தில் அடியும் மேலும் புரண்டு, மேலே இருப்பது புதிது, கீழே இருப்பது பழையது என்ற கணக்கே குலைந்துவிடும். ஆழவாரியாக மூன்று அடுக்கு எடுங்கள்: 0–15, 15–30, 30–60 செ.மீ. ஜேசிபி எவ்வளவு ஆழம் தோண்டப் போகிறதோ அதுவரை தெரிய வேண்டும். மேல் சாணளவை மட்டும் சோதித்துவிட்டு மூன்றடி தோண்டி அடிப்பதில் பயனில்லை.

கருவியே மாதிரியைக் கெடுக்கும்

ஜி.ஐ. வாளியும் ஜி.ஐ. தகடும் துத்தநாகப் பூச்சு; தொட்டாலே துத்தநாக எண் ஏறும். பித்தளைச் சல்லடை தாமிரமும் துத்தநாகமும் தரும். பெயின்ட் அடித்த மண்வெட்டி, பளபளக்கும் குரோமியப் பூச்சுக் கரண்டி வேண்டவே வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பரவாயில்லை, ஆனால் குரோமியமும் நிக்கலும் தேடும்போது அதையும் தவிர்ப்பது நல்லது. வெள்ளை பிளாஸ்டிக் கரண்டி, பிளாஸ்டிக் அல்லது மரத் தகடு, உணவுக்கு உகந்த புதிய பாலித்தீன் பைகள், பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை போதும். சாதாரண ரப்பர் கையுறையில் துத்தநாக ஆக்சைடு உண்டு. திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, வாலைவடிநீரில் மூன்று முறை அலசுங்கள். அமிலத்தைத் தண்ணீரில் சேர்க்க வேண்டும்; தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது.

ஏரி காய்ந்திருந்தால் மண்வெட்டியால் குழி தோண்டலாம். பிறகு குழியின் ஒரு பக்கச் சுவரை, மண்வெட்டி பட்ட மேற்பரப்பு போகும் வரை, பிளாஸ்டிக் தகட்டால் 2 செ.மீ. சீவித் தள்ளிவிட்டு உள்ளிருந்து எடுங்கள். கீழடுக்கிலிருந்து மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் மேல்மண் உதிர்ந்து கீழ் மாதிரியில் கலந்துவிடும்.

நீர் இருந்தால் குழாய் வேண்டும். 75 மி.மீ. விட்டம், 1 முதல் 1.5 மீட்டர் நீளம். ஒளி ஊடுருவும் அக்ரிலிக் குழாய் சிறந்தது. பிவிசி என்றால் ஒரு எச்சரிக்கை: பழைய பிவிசி குழாய்களில் ஈயக் கலவை சேர்ப்பது வழக்கம், அதைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2021-இல்தான் வந்தன. ஆகவே குழாய்ச் சுவரைத் தொட்ட வெளி 5 மி.மீ. மண்ணை எப்போதும் சீவி எறியுங்கள். குழாயின் அடி விளிம்பை அரத்தால் வெளிப்பக்கமாகச் சரிவாக ராவி, உள்விளிம்பு கூராக நிற்கும்படி செய்துகொண்டால் மண் அமுங்காமல் உள்ளே ஏறும்.

பரிசலிலிருந்து எடுக்கலாம். ஒருவர் பரிசலைப் பிடிக்க, ஒருவர் குழாயை நேராக, சுத்தாமல், மெதுவாக இறக்க வேண்டும். தேவையான ஆழம் போனதும் குழாய்க்குள் மேல்விளிம்பு வரை நீர் நிரப்பி, ரப்பர் அடைப்பால் காற்றுப் போகாமல் மூடுங்கள். அந்த உறிஞ்சு பிடிதான் மண்ணைத் தாங்கும். மேலே இழுக்கும்போது, அடி விளிம்பு நீருக்குள் இருக்கையிலேயே கையை விட்டு அடி மூடியைப் போட்டுவிட வேண்டும். நீருக்கு வெளியே வந்த பிறகு மூடப் பார்த்தால் பாதி மண் நழுவிப் போகும்.

இறக்கிய ஆழத்தையும் உள்ளே நின்ற மண்ணின் நீளத்தையும் அளந்து எழுதுங்கள். 60 செ.மீ. இறக்கி 48 செ.மீ. மண்தான் உள்ளே இருந்தால் மண் அமுங்கியிருக்கிறது. குழாய்க்குள் 1 செ.மீ. என்பது ஏரியில் 1.25 செ.மீ. இந்தத் திருத்தம் இல்லாமல் வெட்டினால் 15 செ.மீ. எல்லை தப்பான இடத்தில் விழும். நீளம் இறக்கியதில் பாதிகூட இல்லையென்றால் அந்தக் குழாயைக் கொட்டிவிட்டு வேறிடத்தில் எடுங்கள்.

கழிவு சேரும் ஏரியில் குழாயைத் திறந்து பார்த்தால் மேலே சில மில்லிமீட்டர் காவிப் பழுப்பு இருக்கும். அதன் கீழ் தார் போன்ற கறுப்பு, அழுகிய முட்டை நாற்றத்தோடு. கறுப்பு என்பது இரும்பு சல்ஃபைடு. வெட்டிய முகத்தைக் காற்றில் விட்டால் ஓரம் வெளுத்துப் பழுப்பாகிக்கொண்டே வரும். இந்த நிற மாற்றத்தைக் கவனித்துப் பாருங்கள், ஏனென்றால் வயலில் நடக்கப் போவதும் இதுவே. காற்றில்லாச் சேற்றில் காட்மியம், துத்தநாகம், ஈயம் எல்லாம் சல்ஃபைடாகக் கட்டுண்டு கிடக்கும். காய்ந்து காற்றுப் பட்டதும் சல்ஃபைடு சிதைந்து அமிலம் உண்டாகும், உலோகம் விடுபடும். ஏரிக்குள் அசையாமல் கிடந்தது, கரையில் குவித்த முதல் மழையிலேயே ஓடத் தொடங்கும்.

ஒவ்வொரு அடுக்குக்கும் அரைக் கிலோ ஈரமண் போதும். பைக்குள் பை போட்டு, இடையில் பென்சிலால் எழுதிய சீட்டு வையுங்கள். மார்க்கர் எழுத்து சேற்றில் அழியும். இடத்தின் ஜிபிஎஸ், நீர் ஆழம், நிறம், நாற்றம், விரலிடையில் உருட்டினால் திரியாக நீள்கிறதா என்பதையெல்லாம் அங்கேயே குறியுங்கள். ஐஸ் பெட்டியில் கொண்டுபோகவும். பாதரசத்துக்குத் தனியாகக் கண்ணாடிப் புட்டியில் விளிம்பு வரை நிரப்பி மூடி, 28 நாளுக்குள் சோதிக்க வேண்டும்.

தனியாகப் போகாதீர்கள். மேலே காய்ந்து வெடித்த வண்டல், அடியில் கூழாக இருக்கும். பலகை போட்டு நடக்கவும். அணைப் பகுதியென்றால் நீர்வளத்துறை அனுமதி வாங்கிய பிறகே இறங்கவும்.

காயவைப்பதும் சலிப்பதும்

நிழலில், பாலித்தீன் விரிப்பின் மேல், தூசி படாமல் காயவைக்கவும். செய்தித்தாள், தகடு, சாலையோரத் தளம் ஆகாது. சூட்டடுப்பில் என்றால் 60 டிகிரிக்குள். பாதரசம் பார்க்கும் மண் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது, ஆவியாகிவிடும். மரக்கட்டையால் கட்டி உடைத்து 2 மி.மீ. நைலான் வலையில் சலித்து, குவித்து நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்குகளைச் சேர்த்து 200 கிராமாகக் குறையுங்கள். பொடியாக்குவதை ஆய்வகம் அகேட் என்னும் கடினக் கல் உரலில் செய்யட்டும். எஃகு ஆலையில் அரைத்தால் குரோமியம் கூடும்.

ஆய்வகத்திடம் கேட்க வேண்டியது

என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. வண்டல் மண்ணில் இந்த உலோகங்களுக்கு அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். கேட்க வேண்டிய பட்டியல்: காட்மியம், ஈயம், குரோமியம், நிக்கல், தாமிரம், துத்தநாகம், ஆர்சனிக், பாதரசம், கூடவே அலுமினியம், இரும்பு, பிஎச், அங்ககக் கரிமம், களிமண் சதவீதம். செலவைக் குறைக்க அலுமினியத்தை விட்டுவிட்டால் மற்ற எண்களைப் படிக்கவே முடியாது.

கரைக்கும் முறையைத் தாளில் எழுதி வாங்கவும். ஹைட்ரோகுளோரிக் 3, நைட்ரிக் 1 என்ற ராஜதிராவகமா, மைக்ரோவேவ் முறையா, எக்ஸ்ரே ஒளிர்வா? ராஜதிராவகம் குரோமைட் கனிமத்தை முழுதாகக் கரைக்காது. எக்ஸ்ரே முறை அதையும் எண்ணும். ஒரே மண்ணுக்குக் குரோமியம் இரண்டு விதமாக வரும். ஆகவே ஒப்பீட்டு மாதிரியும் ஏரி மாதிரியும் ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் போக வேண்டும்.

‘கண்டறியப்படவில்லை’ என்று காட்மியத்துக்கு வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். சுடர்முறை அணு உறிஞ்சுக் கருவி கரைசலில் லிட்டருக்கு 0.02 மி.கி.க்குக் கீழே நம்பகமாகப் பார்க்காது என்று வைப்போம். 1 கிராம் மண்ணை 100 மி.லி. ஆக்கினால், மண்ணில் கிலோவுக்கு 2 மி.கி.க்குக் கீழ் எதுவும் தெரியாது. மேலே கணக்குப் போட்ட 180 கிராம் காட்மியம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்துவிடும். கண்டறியும் எல்லை கிலோவுக்கு 0.1 மி.கி. வேண்டும் என்று முன்பே சொல்லுங்கள். கிராஃபைட் உலை அல்லது ஐசிபி–எம்எஸ் கருவிக்கு அது முடியும்.

எண்கள் காய்ந்த எடைக்கா, ஈர எடைக்கா என்றும் பாருங்கள். பாதி நீராக இருந்த மண்ணில் ஈர எடைக் கணக்கு எண்ணைப் பாதியாக்கிவிடும். ஒரு மாதிரியை இரண்டாகப் பிரித்து வேறு வேறு பெயரில் அனுப்புங்கள். இரண்டும் 25 சதவீதத்துக்கு மேல் விலகினால் மொத்த அறிக்கையையும் கேள்வி கேட்கலாம். உலோக அளவு முன்பே தெரிந்த சான்றளித்த மாதிரி மண்ணில் மீட்பு, அதாவது அந்த அளவில் ஆய்வகத்துக்குக் கிடைத்த பங்கு, 80–120 சதவீதத்துக்குள் இருந்ததா என்பதையும் கேட்டுப் பெறலாம், தயங்க வேண்டியதில்லை.

எண்ணைப் படிப்பது

நன்னீர் வண்டலுக்கு 2000-இல் வெளியாகி உலகெங்கும் பயன்படும் இரட்டை அளவுகோல் ஒன்று உண்டு. கீழ் எண்ணுக்குள் இருந்தால் நீருயிர்களுக்குத் தீங்கு அரிது, மேல் எண்ணைத் தாண்டினால் தீங்கு எதிர்பார்க்கலாம். கிலோவுக்கு மி.கி. கணக்கில்: காட்மியம் 0.99–4.98, ஈயம் 35.8–128, குரோமியம் 43.4–111, நிக்கல் 22.7–48.6, தாமிரம் 31.6–149, துத்தநாகம் 121–459, ஆர்சனிக் 9.79–33, பாதரசம் 0.18–1.06. கவனியுங்கள், இது புழு, நத்தைக்கான அளவு, பயிருக்கானது அல்ல. பழவேற்காடு போன்ற கடலோர உப்பங்கழி வண்டலுக்கு இதுவும் பொருந்தாது, கடல்நீர் அளவுகோல் தனி. உப்புநீரில் காட்மியம் குளோரைடோடு சேர்ந்து துகளை விட்டுப் பிரிவதால் அங்கே நடக்கும் வேதியியலே வேறு. கழிமுக ஆய்வு எண்ணை எடுத்து நம் ஏரிக்கு ஒட்டவைக்க வேண்டாம்.

உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கம்போஸ்ட்டுக்கு வைத்த உச்சம் காட்மியம் 5, ஈயம் 100, குரோமியம் 50, நிக்கல் 50, தாமிரம் 300, துத்தநாகம் 1000, ஆர்சனிக் 10, பாதரசம் 0.15. கம்போஸ்ட் ஏக்கருக்குச் சில டன். வண்டல் 90 டன். அதனால் காட்மியம் 3 வந்ததும் ‘5-க்குள் இருக்கிறது’ என்று அடிப்பது தவறான கணக்கு.

குரோமியம், நிக்கலில் பாறையையும் பார்க்க வேண்டும். நம் பகுதியில் கறுப்பு கிரானைட் எனத் தோண்டும் டாலரைட் தடுக்குகளிலும் (பாறை வெடிப்பில் சுவர் போல ஏறி இறுகிய பாறை) சாமல்பட்டிப் பக்கத்துக் கார்பனடைட், மிகைக்காரப் பாறைகள் உள்ள இடத்திலும் இந்த இரண்டும் இயல்பாகவே கூடுதல். உலகச் சராசரிக் களிப்பாறையிலேயே நிக்கல் 68. மேலே சொன்ன மேல் எண்ணையே அது தாண்டுகிறது. அதனால்தான் உள்ளூர் ஒப்பீட்டு மாதிரி இல்லாமல் தீர்ப்பு சொல்லக் கூடாது.

களிமண் வித்தியாசத்தை அலுமினியத்தால் சரிக்கட்டலாம். ஒவ்வொரு உலோகத்தையும் அந்த மாதிரியின் அலுமினியத்தால் வகுத்து, ஒப்பீட்டு மாதிரியின் அதே விகிதத்தால் வகுக்க வேண்டும். கணக்குக்காக எண்கள்: மதகடியில் அலுமினியம் 6 சதவீதம், துத்தநாகம் 180, காட்மியம் 1.6, ஒப்பீட்டில் அலுமினியம் 3.5 சதவீதம், துத்தநாகம் 70, காட்மியம் 0.2. நேராகப் பார்த்தால் துத்தநாகம் இரண்டரை மடங்கு. சரிக்கட்டினால் 30-ஐ 20-ஆல் வகுத்து 1.5 மடங்குதான், மிச்சம் களிமண் செய்த வேலை. காட்மியமோ சரிக்கட்டிய பிறகும் 4.7 மடங்கு. அது வெளியிலிருந்து வந்தது. 2-க்குள் இருந்தால் இயல்பு என்றும், 5-ஐ நெருங்கினால் கழிவு என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

உலோகம் இருந்தால்

அலுமினியத்தால் சரிக்கட்டிய விகிதம் 2-க்குள், பிஎச் 6.5-க்கு மேல் என்றால் தயங்காமல் அடிக்கலாம். காட்மியம் மட்டும் உயர்ந்திருந்தாலும் கீரை, நெல் நிலத்துக்கு வேண்டாம். இந்த இரண்டும் காட்மியத்தை அதிகம் இழுக்கும். ஈயமும் குரோமியமும் வேர்வழி அதிகம் ஏறாது. ஆனால் கீரை, முள்ளங்கியில் மண்ணோடு ஒட்டி வீட்டுக்கு வரும். ரோஜாத் தோட்டத்துக்குப் போடலாமே என்பார்கள். இன்றைக்கு ரோஜா, ஐந்து வருடத்தில் அதே நிலத்தில் தக்காளி. நிலத்தின் கணக்கு பயிரோடு முடிவதில்லை. இந்த யோசனைக்கு உடன்படாதீர்கள்.

செங்கல் சூளைக்கு அனுப்புவதும் தீர்வு அல்ல. சூட்டில் பாதரசமும் காட்மியமும் புகையில் போகும்; சுண்ணாம்பு கலந்த களியில் தீங்கு குறைந்த குரோமியம், நச்சுள்ள ஆறிணைய வடிவமாக மாறவும் கூடும். சமையல் சட்டி வனையும் குயவருக்கு இந்த மண் போகவே கூடாது. இலவச வண்டல் அவர்களுக்கும் கிடைப்பதால் சோதனை முடிவை அவர்களிடமும் சொல்ல வேண்டும். கெட்ட பகுதியைத் தோண்டாமல் விடுவதே பெரும்பாலும் சிறந்தது. தோண்டியே ஆக வேண்டுமென்றால் கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளிக் குவித்து, மழைக்கு முன் மூடுங்கள். ஒன்று இரண்டு பகுதியில் மேல் எண்ணையும் தாண்டியிருந்தால், அறிக்கையோடு ஓசூரிலுள்ள மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே அடித்துவிட்ட நிலமா? 0–15, 15–30 செ.மீ. தனித்தனியாக எடுத்து, அடிக்காத பக்கத்து வயலோடு ஒப்பிடவும். காட்மியம் ஏறியிருந்தால் பிஎச் 6.5–7.5-இல் இருக்கும்படி சுண்ணாம்பு, தொழுவுரம் இட்டால் பயிருக்கு ஏறுவது குறையும். ஆர்சனிக்கும் உயர்ந்திருக்கும் நிலத்தில் சுண்ணாம்பை மிகுதியாகப் போடக் கூடாது, அது இளகிவிடும். நெல் வயலை எப்போதும் நீர் நிற்க வைத்தால் காட்மியம் அடங்கும், ஆர்சனிக் எழும். எது அதிகம் என்று பார்த்துத்தான் நீர் கட்ட வேண்டும். விளைந்த தானியத்தையும் கீரையையும் ஒரு முறை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், மண்ணுள்ளது எவ்வளவு தட்டுக்கு வருகிறது என்பதை அது ஒன்றுதான் நேராகச் சொல்லும்.